பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு வீட்லயே பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

கேள்வி இதுதான்: பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆன ஃபிரிட்ஜ், கூலிங்ல ஒரு குறையும் இல்ல, ஆனா கதவோட கீழ்ப்பக்கம் துரு புடிச்சு பெயிண்ட் பொரிஞ்சு வருது, கைப்பிடி மஞ்சளாகிடுச்சு, பக்கத்துல நிக்கிற வாஷிங் மெஷின் மேல்பக்கமும் அதே கதைதான், ஸ்ப்ரே கேன் வாங்கி அடிச்சா நிக்குமா, அடிக்கிறதோட அடிக்கிறதா கேஸ் அடுப்பு, மைக்ரோவேவ் எல்லாத்தையும் ஒரே நிறமா மாத்திடலாமா.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தாராளமா பண்ணலாம், ஒழுங்கா பண்ணா பல வருஷம் நிக்கும். அடுப்பும் மைக்ரோவேவும் வேற கணக்கு, அதை கடைசியில சொல்றேன். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, இந்த வேலைல பெயிண்ட் அடிக்கிறது ரொம்ப கம்மி நேரம்தான், முக்கால்வாசி நேரம் கழுவுறதும் தேய்க்கிறதும் காய விடுறதும்தான் போகும். அடிச்ச பெயிண்ட் ஆறு மாசத்துல ஏடு ஏடா உரிஞ்சு வருதுன்னு புலம்புறவங்க எல்லாரும் பெயிண்ட் கம்பெனியதான் திட்டுவாங்க, உரிஞ்ச ஏட்டைத் திருப்பிப் பாத்தா அதுல பழைய எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சளா ஒட்டிட்டு இருக்கும்.

முதல்ல துரு வெளியில இருந்து வந்ததா உள்ள இருந்து வந்ததான்னு பாருங்க. பொரிஞ்ச இடத்தை கட்டைவிரலால நல்லா அழுத்துங்க. தகடு கெட்டியா இருந்தா மேலாப்புல வந்த துரு, எடுத்துடலாம். மொறுமொறுன்னு சத்தம் வந்து உள்ள அமுங்குச்சுன்னா தகடு உள்பக்கமே தின்னு போச்சு. ஃபிரிட்ஜ் கதவுல வெளித்தகட்டுக்கும் உள்ள இருக்கிற பிளாஸ்டிக்குக்கும் நடுவுல பாலியூரித்தேன் ஃபோம் இருக்கும், அதுக்குள்ள ஈரம் இறங்கிட்டா வெளிய என்ன அடிச்சாலும் உள்ள இருந்து துரு தள்ளிட்டே இருக்கும். அந்த மாதிரி கதவுக்கு ரொம்ப உழைக்காதீங்க, கெட்ட பெயிண்டை சொரண்டிட்டு ஓட்டையை எபாக்ஸி பட்டி வச்சு அடைச்சு, பேருக்கு ஒரு கோட் அடிச்சு ஓட்டுற வரைக்கும் ஓட்டுங்க.

பெரும்பாலும் கதவோட அடி மடிப்புலதான் துரு ஆரம்பிக்கும். தகடு மடங்கி உள்ள போற இடம் அது, ஃபேக்டரியில பெயிண்ட் மெல்லிசா விழுந்திருக்கும், தரை துடைக்கிற தண்ணி தெறிக்கும், கேஸ்கெட் ரப்பர் தளர்ந்திருந்தா கதவு ஓரத்துல வேர்த்து வழியிற தண்ணியும் கடைசியில அங்கதான் வந்து நிக்கும். அதனால பெயிண்டுக்கு முன்னாடி ரப்பரைப் பாருங்க. ஒரு பேப்பரை கதவுல வச்சு மூடி இழுங்க, லேசா புடிச்சு இழுத்தா ரப்பர் நல்லாருக்கு, சும்மா உருவிட்டு வந்தா ரப்பர் போச்சு. அதை மாத்தாம பெயிண்ட் மட்டும் அடிச்சா மறுபடி அதே இடத்துலதான் பொரியும்.

அடுத்தது, உங்க மெஷின் மேல இப்ப இருக்கிறது என்னன்னு தெரிஞ்சுக்கணும். இதை யாரும் பாக்கிறதில்ல. ரொம்ப பழசுன்னா சூட்டுல வச்சு எடுத்த எனாமல், அதுக்கப்புறம் வந்தது பவுடர் கோட்டிங், அது 180லேர்ந்து 200 டிகிரி அடுப்புல உருகி ஒட்டினது. பூப்போட்ட டிசைன், கண்ணாடி மாதிரி பளபளப்பு, மெட்டாலிக் கோடு எல்லாம் இருந்தா அது பெயிண்டே இல்ல, தகட்டு மேல ஒட்டின பிளாஸ்டிக் ஃபிலிமா இருக்க நிறைய வாய்ப்பு. சில பழைய வாஷிங் மெஷின் மேல்தகடும் அடுப்போட மேல்தகடும் பீங்கான் எனாமல், அதாவது சுமார் 800 டிகிரியில தகட்டு மேல உருக்கிவிட்ட கண்ணாடி. நகத்தால தட்டினா கண்ணாடிச் சத்தம் வரும், பிளேடால கீறினாலும் கோடு விழாது, அடிபட்ட இடத்துல கிளிஞ்சல் மாதிரி சில்லு பேந்திருக்கும்.

பெயிண்ட் வகையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கண்ணுல படாத இடம், கதவு கீல் பக்கமோ பின்பக்க ஓரமோ பாத்து, வெள்ளைத் துணியில என்.சி. தின்னரை, அதாவது லாக்கர் பெயிண்டை இளக்குற காட்டமான தின்னரைத் தொட்டு அரை நிமிஷம் தேயுங்க. துணியில கலர் உடனே இறங்கி பெயிண்ட் பிசுபிசுன்னு ஆச்சுன்னா யாரோ ஏற்கனவே சாதா ஸ்ப்ரேயோ லாக்கரோ அடிச்சிருக்காங்க, அது மேல காட்டமான தின்னர் உள்ள எந்த பெயிண்ட் போட்டாலும் தோல் சுருங்கின மாதிரி ஆயிடும், அதை முழுசா எடுத்தே ஆகணும். லேசா மங்கி மட்டும் போனா காத்துல காஞ்ச எனாமல். ஒண்ணுமே ஆகலன்னா சூட்டுல வச்சதோ பவுடரோ, இதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம், நல்லா ஒட்டியிருக்கிற இடத்தை எடுக்கவே வேணாம், சொரசொரப்பாக்கிட்டு அது மேலயே அடிக்கலாம். ஃபிலிம் ஒட்டின கதவுன்னா இந்த டெஸ்ட்ல ஃபிலிம் உப்பி நெளியலாம். அது மேல எனாமல் அடிச்சா இன்னொரு தொல்லை, ஃபிலிமை வளையிற மாதிரி வச்சிருக்க சேக்கிற எண்ணெய் மாதிரியான பொருள் மெதுவா மேல ஏறி பெயிண்டை மாசக்கணக்குல காய விடாம ஒட்டிட்டே இருக்க வைக்கும். ஒண்ணு ஃபிலிமை உரிச்சு பசையை சுத்தமா எடுங்க, இல்லன்னா பெயிண்டையே மறந்துட்டு அது மேல வினைல் ஸ்டிக்கர் ராப் போட்டுக்கோங்க, ஃபிலிம் கதவுக்கு என்னோட ஓட்டு ராப்புக்குதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருந்தா தொடாதீங்க. பெயிண்ட் ஒட்டாம இருக்கிறதுக்கே பொறந்த உலோகம் அது. காந்தம் ஒட்டுதா பாத்து முடிவு பண்ணாதீங்க, வீட்டு சாமான்ல வர்ற நிறைய ஸ்டெயின்லெஸ்ல காந்தம் ஒட்டும்.

வேலைக்கு முன்னாடி பிளக்கை புடுங்குங்க, சுவிட்சை ஆஃப் பண்ணா போதும்னு விடாதீங்க. பின்பக்கம் இல்ல உள்ள ஒட்டியிருக்கிற பிளேட்ல என்ன கேஸ்னு போட்டிருக்கும், புது மாடல் நிறையத்துல ஆர்-600ஏ, அது ஐசோபியூட்டேன், தீப்புடிக்கிற கேஸ். ஸ்ப்ரே கேன்ல தள்ளுற கேஸும் பெரும்பாலும் தீப்புடிக்கிற சாதிதான். ஃபிரிட்ஜ் ஓடிட்டு இருக்கும்போது தெர்மோஸ்டாட் ரிலேல சின்னதா பொறி வரும், பக்கத்துல நின்னு ஸ்ப்ரே பண்ணா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதே ரூம்ல கேஸ் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது.

இன்னொண்ணு, இப்ப வர்ற நிறைய ஃபிரிட்ஜுல பின்னாடி கறுப்பு ஜாலி இருக்காது, சூட்டை வெளிய தள்ளுற கண்டென்சர் குழாய் பக்கத்தகட்டுக்கு உள்பக்கமா ஒட்டி ஓடும், அதனாலதான் ஓடும்போது பக்கவாட்டுல தொட்டா சுடுது. கதவு வந்து மூடுற ஃபிரேமை சுத்தியும் ஒரு குழாய் ஓடும், அங்க வேர்க்காம இருக்க. இந்த இடத்துல எல்லாம் கிரைண்டர் வீல் வச்சு துரு எடுக்கிறது, ஸ்க்ரூ அடிக்கிறது, சுத்தியால தட்டி நெளிவு எடுக்கிறது எதுவும் வேணாம். குழாய்ல ஊசி ஓட்டை விழுந்தாலும் கேஸ் போயிடும், அதை ஃபோமுக்குள்ள தேடி அடைக்கிறது நடக்கிற காரியமில்ல. ஹீட் கன் வச்சு பெயிண்ட் உரிக்கிறதும் கதவுல வேணாம், உள்ள ஃபோம் கருகி பிளாஸ்டிக் நெளிஞ்சுடும். பெயிண்ட் ரிமூவர் மடிப்பு வழியா உள்ள இறங்கினா வெளிய எடுக்க முடியாது, பிறகு உள்ள இருந்தே புது பெயிண்டை தின்னும். கையால தேய்க்கிறதுதான் வழி.

தாத்தா காலத்து சாமானா இருந்தா பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். அமெரிக்காவுலயே வீட்டு பெயிண்ட்ல ஈயத்தை 1978-லதான் தடை பண்ணாங்க. அதனால ரொம்ப பழசை காஞ்ச தூசியா தேய்க்காம தண்ணி தொட்டுத் தேயுங்க, குழந்தைங்களை பக்கத்துல விடாதீங்க, தேய்ச்ச சகதியை துணியால வழிச்சு எடுத்துடுங்க.

இப்ப கழுவுறது. வரிசை ரொம்ப முக்கியம், முதல்ல கழுவணும், அப்புறம்தான் தேய்க்கணும். தலைகீழா பண்றவங்கதான் ஜாஸ்தி. பிசுக்கு மேலயே உப்புத்தாள் போட்டா எண்ணெய் அந்தக் கீறலுக்குள்ள எல்லாம் போய் உக்காந்துக்கும், அப்புறம் எவ்வளவு துடைச்சாலும் முழுசா வராது. சமையல்கட்டு ஃபிரிட்ஜோட மேல்பக்கத்துல விரல் வச்சு இழுத்துப் பாருங்க, தாளிப்பு ஆவி வருஷக்கணக்கா படிஞ்சு கோந்து மாதிரி ஆகியிருக்கும். பாத்திரம் தேய்க்கிற சோப்பை சுடுதண்ணில கலந்து பச்சை நார் போட்டு ரெண்டு தடவை தேயுங்க, நல்ல தண்ணி ஊத்தித் துடைங்க, காஞ்சதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ மினரல் டர்பென்டைனோ தொட்டு ஒரு துணியால துடைச்சு, அது ஆவியாகுறதுக்குள்ள இன்னொரு காஞ்ச துணியால எடுத்துடணும். ஒரே துணியை வச்சு சுத்தினா எண்ணெய் எங்கயும் போகாது, இங்க இருந்து அங்க போகும் அவ்வளவுதான். சுத்தமாச்சான்னு பாக்க லேசா தண்ணி தெளிங்க, தண்ணி ஒரே ஏடா பரவி நின்னா சரி, முத்து முத்தா உருண்டா இன்னும் பிசுக்கு இருக்கு.

பளபளப்புக்கு யாராவது கார் பாலிஷோ ஃபர்னிச்சர் ஸ்ப்ரேயோ போட்டுத் துடைச்சிருந்தா அதுல சிலிக்கோன் இருக்க நிறைய வாய்ப்பு. அதுதான் ஜென்ம விரோதி. பெயிண்ட் அடிச்ச உடனே வட்ட வட்டமா பெயிண்ட் விலகி மீன் கண்ணு மாதிரி குழி விழும். வாக்ஸ் எடுக்கிற கரைப்பான்னு பெயிண்ட் கடையில தனியா இருக்கு, அதை வச்சு பல தடவை துணி மாத்தி மாத்தி துடைச்சாதான் போகும்.

வாஷிங் மெஷினுக்கு இன்னொரு விஷயம் கூட உண்டு. டிடர்ஜென்ட் பவுடர் காரம், மூடி ஓரத்துல பவுடர் போடுற பெட்டியை சுத்தி அது படிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருக்கும். அந்த உப்பு கொஞ்சூண்டு பெயிண்டுக்கு அடியில மாட்டிக்கிட்டாலும் அது காத்துல இருக்கிற ஈரத்தை பெயிண்ட் வழியா உறிஞ்சி உள்ளுக்குள்ள தண்ணிக் கொப்புளம் போட்டுடும். அதனால அங்க சோப்பு போட்டு கழுவுறதோட நிறுத்தாம வெறும் தண்ணியால பல தடவை அலசணும்.

தேய்க்கிறதுக்கு வருவோம். நல்லா ஒட்டியிருக்கிற பழைய பெயிண்டுக்கு 240லேர்ந்து 320 நம்பர் உப்புத்தாள் (நம்பர் ஏற ஏற தாள் நைசு), பளபளப்பு முழுக்க செத்து பால் மாதிரி மங்கலா தெரியணும், ஒரு ஓரம் மினுமினுன்னு இருந்தாலும் அந்த ஓரத்துலதான் முதல்ல உரியும். துரு இருக்கிற இடத்துக்கு 80 நம்பர்ல ஆரம்பிச்சு 120, அப்புறம் 240. துருவை வெள்ளித் தகடு தெரியிற வரைக்கும் எடுங்க. சுத்தி பெயிண்ட் நல்லாருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் விளிம்புல பிளேடை வச்சு நெம்பிப் பாருங்க, துரு பெயிண்டுக்கு அடியில கறையான் புத்து மாதிரி ஓடியிருக்கும், தூக்கிட்டு வர்ற வரைக்கும் தூக்கிட்டு, கெட்டியா புடிச்சிருக்கிற இடத்துல நிறுத்துங்க. அந்த இடத்துல பழைய பெயிண்டோட விளிம்பு படிக்கட்டு மாதிரி இருக்கும், அதை 240 தாளால சரிவாக்கணும், கண்ணை மூடிட்டு விரல் வச்சு இழுத்தா படி தட்டக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத படி கூட பளபளப்பு பெயிண்ட் விழுந்ததும் பல்லைக் காட்டும்.

குழிக்குள்ள போய் வராத துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் இருக்கு, டானிக் ஆசிடோ பாஸ்பாரிக் ஆசிடோ உள்ளது, துரு மேல பட்டதும் கறுப்பா மாறி கெட்டியாகும். நல்லதுதான், ஆனா ரெண்டு விஷயம். வெறும் தகட்டுக்கு அது எதுக்கும் இல்ல, துரு இருந்தாதான் அதுக்கு வேலை. மேல எஞ்சி நிக்கிற ஆசிடை டப்பால சொன்ன மாதிரி துடைச்சோ கழுவியோ எடுக்காம எபாக்ஸி பிரைமர் (பெயிண்டுக்கு அடியில போடுற முதல் பூச்சு) போட்டா அது ஒழுங்கா இறுகாது.

துரு எடுத்த தகட்டை அப்படியே போட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க. ஈரமான நாள்ல சில மணி நேரத்துலயே மறுபடி ஆரஞ்சு கலர் ஏறும். துடைச்ச கையோட பிரைமர் போட்டுடணும்.

நெளிவு, குழி இருந்தா பாலியஸ்டர் பட்டி பாக்கலாம், கார் டிங்கரிங்ல போடுறதுதான். மெல்லிசா ரெண்டு தடவை, தடியா ஒரு தடவை வேணாம். பட்டி தண்ணி குடிக்கும், அதனால அதை மட்டும் தண்ணி தொடாம தேயுங்க.

பிரைமர்ல தான் எல்லாரும் காசை மிச்சம் புடிப்பாங்க. வெறும் இரும்புத் தகட்டுக்கு ரெட் ஆக்சைடு ஓடும், கேட்டு கிரில்லுக்கு அடிக்கிறது, துருவைத் தடுக்கும், ஆனா மெதுவாக் காயும், மேல வெள்ளை அடிச்சா அந்தச் சிவப்பை மறைக்க நாலு கை ஆகும். வாஷிங் மெஷின் பாடி நிறையத்துல கால்வனைஸ்டு தகடு, அதாவது துத்தநாகம் பூசினது. அது மேல சாதா எண்ணெய் எனாமலோ எண்ணெய் பிரைமரோ நேரா போட்டீங்கன்னா துத்தநாகமும் அந்த எண்ணெய்ப் பசையும் சேந்து உள்ளுக்குள்ள சோப்பு மாதிரி ஆயிடும், மொத்தமா ஏடா கழண்டு வரும். தேய்ச்சு கீழ சாம்பல் கலர்ல துரு புடிக்காத தகடு தெரிஞ்சா அதுதான்னு சந்தேகப்படுங்க, அங்க எபாக்ஸி பிரைமர் போடுங்க. ரெண்டு டப்பா கலக்கிற எபாக்ஸி பிரைமர் இரும்பு, துத்தநாகம், அலுமினியம், தேய்ச்ச பழைய பெயிண்ட்னு எல்லாத்துலயும் புடிக்கும், ஈரத்தையும் நல்லா தடுக்கும். எனக்கு தேர்வு குடுத்தா மேல் பெயிண்ட் மட்டமா இருந்தாலும் பரவால்ல, பிரைமர் எபாக்ஸியா இருக்கட்டும்பேன். எட்ச் பிரைமர்னு ஆசிட் கலந்தது ஒண்ணு இருக்கு, அதை வெறும் தகட்டு மேல ரொம்ப மெல்லிசா போடுறது, அது மேல எபாக்ஸி போடக்கூடாதுன்னு பெரும்பாலும் டப்பாலயே இருக்கும். ரெண்டையும் போட்டா ரெண்டு மடங்கு புடிக்கும்னு நெனச்சு போடுறவங்க இருக்காங்க.

மேல் பெயிண்ட் மூணு நாலு வழி. அப்ளையன்ஸ் எபாக்ஸின்னு ஸ்ப்ரே கேன்லயே வரும், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வெளிப்பக்கத்துக்குன்னே செஞ்சது, வெள்ளை, பாதாம், கறுப்புன்னு நாலஞ்சு கலர்தான் கிடைக்கும், ஆனா முதல் தடவை பண்றவங்களுக்கு இதுதான் சரி. சாதா சிந்தடிக் எனாமலை குட்டி ஃபோம் ரோலர்ல உருட்டலாம், கொஞ்சமா தின்னர் சேத்து இளக்கி மெல்லிசா மூணு கை அடிச்சா தூரத்துல பாக்க ஸ்ப்ரே மாதிரியே இருக்கும், புகையா பறக்காது, அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு நல்ல வழி, வெள்ளை மட்டும் வருஷம் போகப்போக மஞ்சளாகும். ரெண்டு டப்பா கலக்கிற பியூ, அதாவது பாலியூரித்தேன் பெயிண்ட் கார்ல அடிக்கிறது, பளபளப்பும் கெட்டியும் அதை அடிச்சுக்க ஆளில்ல, ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஸ்ப்ரே பண்ணும்போது மூச்சுல போனா ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும், வெளிக்காத்து குழாய் வழியா வர்ற மாஸ்க் இல்லாம அதை வீட்ல அடிக்காதீங்க, பெயிண்ட் பூத் இருக்கிற ஆள்கிட்ட குடுத்துடுங்க. சாதா ஸ்ப்ரேக்கும் துணி மாஸ்க் எதுக்கும் உதவாது, ஆவிக்கான கரி கார்ட்ரிட்ஜும் துகளுக்கான ஃபில்டரும் சேந்த மாஸ்க் வேணும். வாசனை வருதுன்னா கார்ட்ரிட்ஜ் தீந்துடுச்சு இல்ல முகத்துல சரியா உக்காரலன்னு அர்த்தம்.

அடிக்கிறது எப்படின்னு பாப்போம். முடிஞ்சா கதவை கழட்டி படுக்க வச்சு அடிங்க, பெயிண்ட் வழியிற பயம் பாதி போயிடும். கைப்பிடி, லோகோ, கேஸ்கெட் ரப்பர் எல்லாம் கழட்டிடுங்க. கழட்ட முடியாத ரப்பரை மாஸ்கிங் டேப் போட்டு மூடணும். கேனை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் நிக்க வைங்க, சுடுதண்ணி வேணவே வேணாம், உள்ள குண்டு சத்தம் கேக்க ஆரம்பிச்ச அப்புறம் முழுசா ஒண்ணு ரெண்டு நிமிஷம் குலுக்குங்க. 25 சென்டிமீட்டர் தூரம், கிட்டத்தட்ட விரிச்ச கை ஒரு சாண் கொஞ்சம் கூட. தகட்டுக்கு வெளியிலயே அழுத்த ஆரம்பிச்சு தகட்டைத் தாண்டி வெளிய போய்தான் விடணும், நடுவுல அழுத்தி நடுவுல விட்டா அந்த ரெண்டு இடத்துலயும் துளி துளியா விழும். மணிக்கட்டை ஆட்டாதீங்க, தோளோட சேத்து கை மொத்தமா நகரணும், மணிக்கட்டு சுழண்டா நடுவுல தடியாவும் ரெண்டு ஓரத்துல மெல்லிசாவும் விழும். ஒவ்வொரு வரியும் முந்தின வரில பாதி மேல ஏறணும்.

முதல் கை பாத்தா உங்களுக்கே திருப்தி இருக்காது, அடியில இருக்கிற பிரைமர் மங்கலா தெரியும், அப்படிதான் இருக்கணும், அது பின்னாடி வர்றதை புடிச்சு நிறுத்துற கை. அதுலயே மூடிடணும்னு தடியா அடிச்சா கண் முன்னாடியே திரை மாதிரி வழியும். ரெண்டாவது கைல பாதி மூடி, மூணாவது கைல விளக்கு வெளிச்சத்தை சாய்வா பாத்துக்கிட்டே, ஈரமா பளபளன்னு ஒரே ஏடா சேர்ற அளவுக்குப் போடணும். தூரம் ஜாஸ்தியாப் போனா துளி பறக்கும்போதே காஞ்சு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு விழும், அப்பவும் மேல மேல அடிக்காம காய விட்டு 600 நம்பர் வாட்டர் பேப்பர்ல லேசா தேய்ச்சு மறுபடி அடிங்க. வழிஞ்ச இடத்தை ஈரத்துல விரலால தொடவே தொடாதீங்க, அது ஒரு வியாதி. நல்லா காஞ்சதும் பிளேடால சீவி, 600ல தேய்ச்சா தெரியாம போயிடும். ஒரு 400 மில்லி கேன் ஒரு சதுர மீட்டர் பக்கம் முழுசா மூடும்னு வச்சு அளந்து வாங்குங்க, பாதியில தீந்து ஓடினா கலர் பேட்ச் தெரியும்.

கேன்ல சின்ன எழுத்துல இன்னொரு கை எப்ப அடிக்கலாம்னு போட்டிருக்கும், இத்தனை மணி நேரத்துக்குள்ள இல்லன்னா இத்தனை மணி நேரத்துக்கு அப்புறம்னு. அந்த நடு நேரத்துல அடிச்சா கீழ இருக்கிறது மேலாப்புல தோல் கட்டி உள்ள பச்சையா இருக்கும், புது பெயிண்டோட தின்னர் உள்ள இறங்கி மொத்தமும் சுருங்கி அப்பளம் பொரிஞ்ச மாதிரி ஆயிடும், அதுக்கு மருந்தே கிடையாது, எல்லாத்தையும் சொரண்டி முதல்ல இருந்து வரணும். அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரியை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பெயிண்ட் பட்ட கையோட கேனைத் திருப்பித் திருப்பி படிக்க முடியாது.

மழை நாள், இல்ல புழுக்கமா வேர்த்து ஊத்துற நாள் வேணாம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளுந்து காத்து ஈரம் அது மேல இறங்கும், பளபளப்பு பெயிண்ட் புகை படிஞ்ச மாதிரி வெளிறிடும். பெயிண்டிங் துறையில தகட்டோட சூடு பனிப்புள்ளியை (காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா இறங்க ஆரம்பிக்கிற சூடு) விட 3 டிகிரியாவது கூட இருக்கணும்னு கணக்கு வச்சிருப்பாங்க, போன்ல வெதர் ஆப்புல பனிப்புள்ளி வரும், பாத்துக்கோங்க. நேர் வெயில்லயும் வேணாம், தகடு சுட்டா பெயிண்ட் பரவுறதுக்குள்ள இறுகிடும்.

தொட்டா ஒட்டலங்கிறது வேற, இறுகினது வேற. அப்ளையன்ஸ் எபாக்ஸி எல்லாம் முழுசா கெட்டியாக ஒரு வாரம் பக்கம் எடுத்துக்கும். அதுக்குள்ள காந்தம் ஒட்டுறது, துடைக்கிறது, கதவை மூடி வைக்கிறது எதுவும் வேணாம், ரப்பர் புதுப் பெயிண்ட்ல ஒட்டிக்கிட்டா கதவைத் திறக்கும்போது ஏடோட வரும். மூடியே ஆகணும்னா ரப்பர் படுற இடத்துல டால்கம் பவுடர் லேசா தடவிட்டு மூடினா ஒட்டாது. ஃபிரிட்ஜைப் படுக்க வச்சிருந்தீங்கன்னா நிமித்தின உடனே போடாதீங்க, கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள போயிருக்கும், அது இறங்க சில மணி நேரம் நிக்க விடணும்.

எலக்ட்ரிக் விஷயம் ஒண்ணை எல்லாரும் கோட்டை விடுவாங்க. வாஷிங் மெஷின்ல எர்த் வயர் ஒரு இடத்துல பாடியோட ஸ்க்ரூ போட்டிருக்கும், அங்க இருந்து மத்த தகடு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசுற இடம் வழியாதான் எர்த் ஆகும். தகட்டை கழட்டி அந்த உரசுற இடத்துலயும் ஸ்க்ரூ உக்கார்ற இடத்துலயும் அழகா மூணு கை அடிச்சு மாட்டினா பெயிண்ட் அங்க கரண்ட் போக விடாது. ஈரத்துல நிக்கிற மெஷின், லீக்கேஜ் வந்தா ஆளைத்தான் தேடும். அந்த இடத்துக்கு எல்லாம் முன்னாடியே டேப் போடுங்க, பல் வச்ச வாஷரைத் திருப்பி மாட்டுங்க, முடிச்சதும் பிளக்கை மாட்டாம பிளக்கோட எர்த் முள்ளுல மல்டிமீட்டர் ஒரு முனை, ஒவ்வொரு தகட்டுலயும் பெயிண்ட் படாத ஸ்க்ரூ தலைல இன்னொரு முனை வச்சு பாருங்க, பீப் அடிக்கணும். மாடல் நம்பர், கேஸ் பேர், ஆம்பியர் போட்ட பிளேட் மேலயும் பெயிண்ட் படக்கூடாது, அடுத்து வர்ற மெக்கானிக் அதைத்தான் பாப்பார்.

மஞ்சளான கைப்பிடி பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், வெயிலும் உள்ள கலந்த பொருளும் சேந்து மேலாப்புல மஞ்சளாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயில்ல வச்சா வெளுக்கும், பழைய கம்ப்யூட்டர் சேக்கிறவங்க பண்ற வேலை, ஆனா திரும்ப மஞ்சளாகலாம், கை ஓயாம படுற கைப்பிடிக்கு பெயிண்ட்தான் நல்லது. 400 நம்பர்ல தேய்ச்சு பிளாஸ்டிக் பிரைமர் போட்டு மெல்லிசா அடிங்க. காட்டமான தின்னர் வச்சு துடைக்காதீங்க, ஏபிஎஸ் கரையும், முடி மாதிரி விரிசல் விடும். பின்னாடி பிபின்னு அச்சடிச்சிருந்தா அது பாலிப்ரொப்பிலீன், அதுக்குன்னு தனியா வர்ற அட்ஹீஷன் புரமோட்டர், அதாவது பெயிண்டை புடிக்க வைக்கிற அடிப்பூச்சு இல்லாம எதுவும் ஒட்டாது, சின்ன பாகம்னா புதுசு வாங்கிடுங்க. ஃபிரிட்ஜோட உள்பக்கத்துக்கு எந்த பெயிண்டும் வேணாம், சாப்பாடு இருக்கிற மூடின இடம், வாசனை மாசக்கணக்குல போகாது.

இப்ப அடுப்பு. பர்னரைச் சுத்தி இருக்கிற மேல்தகட்டுக்கு அப்ளையன்ஸ் எபாக்ஸி ஆகாது, அது சூடு தாங்குறது கொதிக்கிற தண்ணி அளவுக்குக்கூட சந்தேகம்தான், மஞ்சளாகி புகைஞ்சு உரியும். 600 டிகிரி வரைக்கும் தாங்குற சிலிக்கோன் ஹீட் பெயிண்ட் இருக்கு, அதைக் கேன்ல சொன்ன மாதிரி படிப்படியா சூடு பண்ணாதான் இறுகும், முதல் சூட்டுல புகையும், ஆனா அது புகைப்போக்கி, சைலன்ஸர் மாதிரி சும்மா நிக்கிற இடத்துக்குத்தான், தினம் பால் பொங்கி சோப்பு போட்டு தேய்க்கிற இடத்துல நிக்காது. அடுப்பு பக்கவாட்டுத் தகடு, கீழ்த்தகடு அடிக்கலாம். பாத்திரம் உக்கார்ற கம்பி, பர்னர், ஓவன் உள்பக்கம் மூணுலயும் எதுவும் அடிக்காதீங்க.

மைக்ரோவேவ்ல வெளி மூடியை மட்டும், கழட்டாம, காத்து போற ஓட்டைகளை மூடாம அடிக்கலாம். மூடியைக் கழட்டினா உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் 2000 வோல்ட் பக்கம் புடிச்சு வச்சிருக்கும், பிளக்கை புடுங்கின அப்புறமும். அதனால ஆள் செத்த கதை நிஜமாவே உண்டு. கதவு விளிம்பும் அது போய் படுற ஃபிரேமும் அலை வெளிய வராம தடுக்கிற இடம், அங்க பெயிண்ட் தடிமன் ஏறி கதவு சரியா உக்காரலன்னா அது அழகுப் பிரச்னை இல்ல. உள்ள பெயிண்ட் உரிஞ்சு துரு தெரிஞ்சா மைக்ரோவேவ் கேவிட்டி பெயிண்ட்னே தனியா இருக்கு, அதை மட்டும்தான் போடணும், தகடு ஓட்டை விழுந்திருந்தா மெஷினைத் தூக்கிப் போட்டுடுங்க.

ஃபேன் யாராவது கேக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், இறக்கைல கழட்டும்போதே 1, 2, 3ன்னு உள்பக்கம் கீறி வைங்க, மூணுக்கும் ஒரே அளவு பெயிண்ட், இல்லன்னா ஆடும்.

கடைசியா ஒரு வேலை, முழுசா இறங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்கு இதே வரிசைல, அதே பிரைமர் அதே பெயிண்ட் போட்டு ஒரு வாரம் விடுங்க. அப்புறம் பிளேடால குறுக்கும் நெடுக்குமா ஆறாறு கோடு, தகடு தட்டுற வரைக்கும், ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளியில கீறி, நல்ல ஒட்டுற டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு இழுங்க. கட்டம் எல்லாம் அப்படியே நின்னா கதவைக் கழட்டலாம். டேப்போட கட்டம் வந்துச்சுன்னா டேப்போட அடிப்பக்கத்தைப் பாருங்க, பிரைமரோட சேந்து வந்திருந்தா கழுவினதும் தேய்ச்சதும் பத்தல, மேல் பெயிண்ட் மட்டும் வந்திருந்தா பிரைமருக்கும் பெயிண்டுக்கும் ஒத்துப்போகல, இல்ல நடுவுல ரொம்ப நாள் விட்டுட்டு பிரைமரைத் தேய்க்காம அடிச்சிருக்கீங்க.